சட்டசபையில் சுகாதாரக் கேள்விகள்

வைத்தியசாலை என்னும் பெயர்ப்பலகை ஒன்றினால் மட்டும் நோய் தீராது. வைத்தியர், தாதி, மருந்து ஆகிய மூன்றும் அங்கு இருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தவிடத்து, அக்குறையைச் சர்க்காரின் கவனத்திற்குக் கொண்டுவரும் வழிகளுள் சிறந்தது, சட்டசபை அங்கத்தினர் மந்திரியை நோக்கிக் கேட்கும் கேள்வியாகும். அதன் இயல்பை ஐக்கிய சங்க அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

இவ்வுரிமை ஒரே நாளில் கிடைத்ததன்று. 1892-ம் வருஷத்துச் சட்டத்தினால்தான் சட்டசபை அங்கத்தினருக்குக் கேள்வி கேட்கும் உரிமை வந்தது. 1909-ம் வருஷத்துச் சட்டத்திற்குப் பின், கேட்டவரே விடையின்மேல் உபகேள்வியும் கேட்கலாயிற்று. 1919-ம் வருஷத்துச் சட்டம் வைத்தியத்தையும் பொதுஜன சுகாதாரத்தையும் மாகாண மந்திரிகளின் பொறுப்பில் விட்டது. ஆகவே, அவ்விஷயங்களில் சபைக்கு விடை கூறவேண்டியவர் இன்னார் என்பது தெளிவாயிற்று.

அக்காலத்தில் இவ்வாய்ப்பை நன்கு பயன்படுத்தியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1912-ல் சென்னை மெடிக்கல் காலேஜில் பட்டம் பெற்ற அவர், 1927-ல் சென்னைச் சட்டசபையின் உபதலைவரானார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒழுங்காக வைத்தியப் பரிசோதனை நடைபெற வேண்டுமென்றும், ஸ்திரீகளுக்கும் குழந்தைகளுக்கும் தனி வைத்தியசாலை வேண்டுமென்றும் அவர் சபையில் வற்புறுத்தினார். கண்ணிலும் பல்லிலும் தோன்றும் குறைகளைப் பள்ளிப் பருவத்திலேயே கண்டறிந்தால் எளிதில் தீர்க்கலாம் என்பதை வைத்தியராகிய அவர் உணர்ந்திருந்தார். 1930-ல் பதவியைத் துறந்த பின்னும் அவர் முயற்சி ஓயவில்லை. அடையாற்றில் 1954-ல் தொடங்கிய புற்றுநோய் வைத்தியசாலை அதன் பயனாகும்.

சபையில் நிறைவேறும் தீர்மானம் சிபாரிசே ஆகும். கேள்வியும் தானாக ஒரு வைத்தியரை நியமித்துவிடாது. ஆயினும் மந்திரி கூறும் விடை சபை நடவடிக்கைக் குறிப்பில் ஏறிவிடுகிறது. பிறகு அதை மறுத்தல் அரிது. கேள்வியின் வலிமை இதுவே.

ஆனால் கேள்வி திட்டமாக இருத்தல் வேண்டும். "ஜனங்கள் துன்புறுவதைச் சர்க்கார் அறிவார்களா?" என்று கேட்டால், "விஷயம் பரிசீலனையில் உள்ளது" என்ற விடையே வரும். "இன்ன ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட வைத்தியர் பதவிகள் எத்தனை? அவற்றுள் காலியானவை எத்தனை? எந்தத் தேதி முதல்? எப்பொழுது நிரப்பப்படும்?" என்று கேட்டால், எண்ணும் தேதியும் கூறியே தீரவேண்டும். சமவெளியில் 30,000 ஜனங்களுக்கும், மலைப்பகுதியில் 20,000 ஜனங்களுக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நம் நாட்டில் வகுக்கப்பட்ட அளவு. அதனோடு தம் வட்டத்தை ஒப்பிட்டும் கேட்கலாம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி சபையில் வாய்மொழியாக விடை கூறுவார். அதன்மேல் உபகேள்விகளும் எழலாம்.

இத்தகைய கேள்விக்கு வேண்டிய விவரம் கிராமத்திலேதான் உள்ளது. வைத்தியர் வராத நாட்கள், இல்லையெனப்பட்ட மருந்துகள், பிரசவத்திற்காக வேற்றூர் அனுப்பப்பட்டவர்களின் தொகை ஆகியவற்றைத் தேதியுடன் சங்கத்தின் புத்தகத்தில் குறித்து வருக. மூன்று மாதக் குறிப்பைத் தொகுதி அங்கத்தினரிடம் எழுத்து மூலம் சேர்ப்பிக்க. நோயாளிகளின் பெயரை மட்டும் அதில் எழுதலாகாது. விடை வந்ததும் அதைச் சங்கக் கூட்டத்தில் படித்து, கூறப்பட்ட தேதியில் காரியம் நடந்ததா என்று பார்க்க வேண்டும். நடவாவிடில், அடுத்த கூட்டத் தொடருக்குரிய கேள்வி அதுவே.