சைக்கிளில் கண்ட புதுச்சேரி

(இரண்டாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

வரலாற்று மாணவர்களாகிய நாம் பழைய ஊர்களைப் பெரும்பாலும் பாடப் புத்தகத்தில் காண்கிறோம். நேரில் போனாலும் பேருந்துச் சன்னல் வழியாகவே பார்த்துத் திரும்புகிறோம். சென்ற பொங்கல் விடுமுறையில் அப்பா, அம்மா, ஆறாம் வகுப்பில் படிக்கும் தம்பி, நான் ஆகிய நால்வரும் புதுச்சேரியை ஒரு பகல் முழுவதும் சைக்கிளில் சுற்றி வந்தோம். அன்று கண்டதையும், காணச் சென்று காணாமற்போனதையும் நம் கல்லூரி நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அப்பா 1985இல், தம் பத்தாவது வயதில், தாத்தாவுடன் புதுச்சேரிக்கு வந்தவர். காந்தி சிலைக்கு எதிரே மணலில் வீடு கட்டி விளையாடியதை எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த மணலைத் தம்பிக்குக் காட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

சைக்கிளுக்கு ஏற்ற ஊர்

விழுப்புரத்திலிருந்து முதல் பேருந்தில் போய் இறங்கி, நான்கு சைக்கிள்களை நாள் வாடகைக்கு எடுத்தோம். அம்மா சைக்கிளைத் தொட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. முதல் தெருமுனை வரை அப்பா கூடவே ஓடினார். இரண்டாம் தெருவில் அம்மா எங்களை முந்திவிட்டார்!

பழைய நகரம் சைக்கிளுக்கென்றே அமைந்தது போன்றது. மேடு பள்ளம் இல்லை. முட்டை வடிவில் ஊரைச் சுற்றி அகன்ற சாலை. அதனுள்ளே ஒன்றையொன்று நேராக வெட்டும் வீதிகள். வழி தவறினாலும் கவலையில்லை. கிழக்கே மிதித்தால் கடல் வந்துவிடும்.

இந்த ஒழுங்கு தற்செயலாக வந்ததன்று. பிரெஞ்சுக் கம்பெனியார் இங்கே கால் ஊன்றியது 1674இல். 1693இல் ஒல்லாந்தர் ஊரைக் கைப்பற்றினர். அவர்கள் காலத்து வரைபடத்திலேயே நேர்க்கோட்டு வீதிகளைக் காணலாம். ஊரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர் அதனையே விரிவாக்கினர். 1761இல் ஆங்கிலேயர் கோட்டையையும் நகரத்தையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். ஆயினும் வீடுகள் மீண்டும் எழுந்தபோது பழைய வீதிக் கோடுகளின்மேலேயே எழுந்தன. மதில் இருந்த தடமே இன்று நாம் மிதிக்கும் சுற்றுச் சாலை.

வாய்க்காலுக்கு இருபுறமும்

நகரின் நடுவே வடக்கு தெற்காகப் பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே, கடலோரமாக, பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர் பகுதி. வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்றே அவற்றை அந்நாளில் அழைத்தனர். பேருந்தில் போவோர்க்கு இவ்வாய்க்கால் கண்ணில் படுவதேயில்லை. சைக்கிளில் போகும்போது ஒரே நிமிடத்தில் வேறோர் ஊருக்குள் நுழைந்தது போலிருந்தது.

மேற்கே வீடுகள் தெருவை நோக்கித் திறந்திருக்கின்றன. தெருவில் நீளும் தாழ்வாரம், திண்ணை, உள்ளே முற்றம். வழிப்போக்கரும் வெயிலுக்கு ஒதுங்கலாம். கிழக்கே உயர்ந்த மதிலும் மூடிய வாயிற்கதவும். தோட்டம் உள்ளே மறைந்திருக்கிறது. “இங்கே திண்ணையே இல்லையே, அக்கா! களைத்தால் எங்கே உட்காருவது?” என்று தம்பி கேட்டான். இரு சமுதாயங்களின் வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இரண்டும் கலந்த வீடும் உண்டு. கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையின் கீழ்த்தளம் தமிழ் மரபிலும் மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் அமைந்தவை. 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு அக்காலத்தை அறிய நமக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீட்டையும் கண்டோம். 1908 முதல் 1918 வரை அவருக்கு அடைக்கலம் தந்த ஊரன்றோ இது!

மணல் எங்கே?

நண்பகலில் கடற்கரைச் சாலைக்கு வந்தோம். 1836இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கமும், கருங்கல் தூண்கள் சூழ நிற்கும் காந்தி சிலையும் அப்பா சொன்னபடியே இருந்தன. சாலையின் விளிம்பில் மணல் இல்லை. கருங்கற் பாறைகள் குவிந்து கிடக்க, அலைகள் அவற்றின்மேல் மோதின. அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “இங்கேதான்” என்று பாறைகளைக் காட்டினார்.

வடக்கே வைத்திக்குப்பம் வரை மிதித்தோம். வலை சீர்செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் அப்பா கேட்டார். “முன்னே இங்க கரைவலை இழுப்போம் தம்பி. இப்ப கட்டுமரம் ஏத்தக் கரை ஏது? மணலைத் தெற்கே கட்டிப் போட்டுட்டாங்க” என்றார் அவர்.

வரவும் செலவும்

அவர் சொன்னதன் பொருள் இதுதான். நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து சாய்ந்து வரும் அலைகள் அதனை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் சில மாதங்கள் தெற்கே திருப்புகின்றன. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே மிகுதி. ஆகவே கடற்கரை என்பது குடும்பக் கணக்கைப் போன்றது. தெற்கிலிருந்து வரவு; வடக்கே செலவு.

1986க்கும் 1989க்கும் இடையில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கே வந்த மணல் அங்கேயே தேங்கியது. வடக்கே வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. சில ஆண்டுகளில் நகரின் மணற்கரை கரைந்துபோயிற்று. தேங்கிய மணலை எடுத்து வடக்கே சேர்க்கும் ஏற்பாடு திட்டத்தில் இருந்தும் முறையாக நடைபெறவில்லை. சாலையைக் காக்கக் கல் கொட்டினர். கல் சாலையைக் காத்தது, மணலைத் தரவில்லை. அரிப்போ மேலும் வடக்கே நகர்ந்து, நம் விழுப்புரம் மாவட்டத்துச் சின்னமுதலியார்சாவடி முதலிய மீனவர் ஊர்களைத் தொட்டுவிட்டது.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலடியில், அலையின் வேகத்தைத் தணிக்க, எஃகினாலான ஆப்பு வடிவ அமைப்பு ஒன்றை 2018இல் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் இறக்கினர். துறைமுக முகத்தில் தூர்வாரிய மணலையும் கரையோரம் சேர்த்தனர். நகரின் முன் ஒரு பகுதியில் மணல் திரும்பிற்று.

மாலையில் சைக்கிள்களைப் பக்கத்துத் தெருவில் பூட்டிவிட்டு அந்த மணலுக்கு நடந்து போனோம். தம்பி உடனே வீடு கட்டத் தொடங்கினான். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து சுவர் எழுப்பினார். இருட்டும் வரை அம்மா அவர்களை எழுப்பவில்லை.

நண்பர்களே, 1761இல் இடிக்கப்பட்ட ஊர் தன் வீதிகளை மறக்காமல் மீண்டும் எழுந்தது. கடற்கரைக்கு அந்த வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. ஓரிடத்தில் நாம் வைக்கும் கல், பத்துக் கல் தொலைவில் உள்ளவர் வாசலைத் தொடுகிறது. பழமையைப் போற்றுவோர் கட்டடங்களை மட்டுமன்றி, அவை நிற்கும் கரையையும் கணக்கில் கொள்ள வேண்டும். அடுத்த விடுமுறையில் நீங்களும் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். வைத்திக்குப்பம் வரை மிதிக்க மறவாதீர்கள்.