ஜேசிபி வந்து போனா கருவேலம் ஒழிஞ்சிடுமா?

பரமக்குடியில் பஸ் ஏறி ராமநாதபுரம் வரைக்கும் ஜன்னலோரமா உட்கார்ந்து வந்திருக்கீங்களா? கண்மாய், வரத்துக்கால்வாய், தரிசு, ரோட்டோரம்னு எங்க பார்த்தாலும் சீமைக்கருவேலம்தான். அதை அழிக்க ஜேசிபியும் பொக்லைனும் இறங்குறதையும் பார்த்திருப்பீங்க. ஆனா ரெண்டு மழை போனதும் அதே இடத்தில் அதே புதர் நிக்குது. இயந்திரத்துக்குச் செலவழிச்ச காசு எங்க போச்சு?

முதல்ல கொஞ்சம் வரலாறு. இது அமெரிக்கக் கண்டத்து மரம். 1877-ல் இந்தியாவுக்கு வந்தது. வறண்ட மாவட்டங்களில் விறகுக்காகப் பரப்பினாங்க. பிறகு அதுவே பரவிக்கிச்சு. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டதும் மாவட்டம் மாவட்டமா இயந்திரங்கள் இறங்கின. அதே வருஷம் அந்தப் பணிக்குத் தலைமை நீதிபதி அமர்வு இடைக்காலத் தடை விதிச்சது. 2022-ல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டது. அப்போ வாட்ஸ்அப்பில் சுத்தின "இந்த மரம் ஆக்சிஜனே விடாது" என்ற கதையை மட்டும் நம்பாதீங்க. பச்சை இலை இருந்தா ஒளிச்சேர்க்கை நடக்கும், ஆக்சிஜனும் வரும். பிரச்சினை அது இல்லை. கண்மாயை அடைச்சு, கால்வாயில் தண்ணி வரவிடாம, மத்த செடிகளையும் எழவிடாம பண்றதுதான் பிரச்சினை.

இப்போ விஷயத்துக்கு வருவோம். கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினா அது சாகாது. மண்ணுக்குக் கீழே சுமார் ஒரு அடி ஆழம் வரைக்கும் அடிக்கட்டையில் தூங்கும் மொட்டுகள் இருக்கு. மேல வெட்டினதும் அதெல்லாம் முழிச்சுக்கும். ஒரு தண்டு இருந்த இடத்தில் நாலஞ்சு தண்டு கிளம்பும். நம்ம மாவட்டத்தில் கரிமூட்டம் போடுறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். அவங்க கட்டையை விட்டுட்டு வெட்டுவாங்க, சில வருஷத்தில் திரும்பவும் வெட்டுவாங்க. அதாவது வெட்டுறது அறுவடை. அகற்றணும்னா தோண்டணும்.

ஆணிவேர் ரொம்ப ஆழம் போகுமே, அதை எப்படி முழுசா எடுக்கிறதுன்னு கேட்பீங்க. முழுசா எடுக்கவே வேண்டாம். மொட்டு இருக்கிற அடிக்கட்டை வெளியே வந்தாப் போதும், ஆழத்தில் மிச்சம் இருக்கிற வேர் தானா மக்கிடும். அதனாலதான் எந்த இயந்திரம்ங்கிறது முக்கியம். டோசர் பிளேடால் தள்ளினா தண்டு ஒடியும், கட்டை உள்ளேயே நிக்கும். பொக்லைன் பக்கெட்டின் பல்லை மரத்துக்குப் பக்கத்தில் மண்ணுக்குள்ள இறக்கி, நெம்புகோல் மாதிரி நெம்பினாத்தான் கட்டையோட வரும்.

மண்ணையும் பார்க்கணும். ஒரு கணக்கு: 20 டன் பொக்லைனுக்கு 3.5 மீட்டர் நீளம், 0.6 மீட்டர் அகலத்தில் ரெண்டு செயின் தரையைத் தொடுதுன்னு வைங்க. மொத்தப் பரப்பு 42,000 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோகூட வராது. நாம நடக்கும்போது ஒத்தைக் காலில் விழுற அழுத்தத்துக்குப் பக்கம்தான். டயரில் ஓடும் ஜேசிபி எடை கம்மி, ஆனா தரையைத் தொடும் பரப்பு அதைவிடக் கம்மி. அதனால் அழுத்தம் கூடும். ஈரக் கரிசலில் இறக்கினா மண் இறுகிடும். கோடையில், மண் காய்ஞ்சிருக்கும்போது செய்றது நல்லது. கண்மாய்க் கரையில் பிடுங்கின குழியை ஐப்பசி மழைக்கு முன்னாடி மண் போட்டுக் கெட்டிப்படுத்தலைன்னா கரை உடையக்கூடும்.

அடுத்தது தீ. பச்சை மரத்தில் ஈரம் இருக்கும், லேசில் பத்தாது. பிடுங்கிக் குவிச்ச முள்ளு ரெண்டு மாசத்தில் காய்ஞ்சிடும். அது மேல ஒரு பீடித்துண்டு விழுந்தாப் போதும். காட்டுத்தீயைத் தடுக்க வனத்துறை போடும் தீத்தடுப்புக் கோட்டின் தத்துவமும் இதுதான்: எரியக்கூடியதை எடுத்துட்டா தீ அங்கேயே நின்னுடும். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காய்ஞ்ச புல் வழியா ஏறின தீ 23 பேர் உயிரைக் குடிச்சது. அந்த மாதிரிச் சரிவில் பெரிய இயந்திரத்தை ஏத்த முடியாது, கையால்தான் கோடு போடணும். நம்ம மாவட்டம் சமவெளி, இயந்திரம் எங்கேயும் போகும். அப்படியிருந்தும் குவியலை அள்ளாம விட்டுட்டுப் போனா, புதரை எடுத்துட்டு விறகை அடுக்கி வச்ச கதைதான். கரிக்கோ மின்சாரம் தயாரிக்கவோ உடனே அனுப்பிடணும்.

கடைசியா விதை. ஆடு காயைத் தின்னு போடுற புழுக்கையில் அது பரவும், மண்ணில் பல வருஷம் உயிரோட கிடக்கும். இயந்திரம் மண்ணைக் கிளறினதும் மொத்தமா முளைக்கும். ஒரு முழ உயரத்தில் இருக்கும்போதே கையால் பிடுங்கிடலாம். விட்டா மறுபடி பொக்லைன்தான். காலியான இடத்தில் நாட்டுக்கருவேலமோ புளியோ பனையோ உடனே வைக்கணும், இல்லைன்னா உழுது பயிர் போடணும். கடலோர மணல்னா இது இன்னும் அவசியம், மூடாத மணலைக் காத்து அள்ளிட்டுப் போயிடும்.

அதுக்காக எல்லா இடத்தையும் ஒரே நாளில் மொட்டையடிக்கவும் கூடாது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்களில் பறவைகள் கூடு கட்டுறது கருவேல மரங்களில்தான். கரிமூட்டத்தை நம்பி அடுப்பெரியும் வீடுகளும் நம்ம ஊர்களில் நிறைய. மாத்து மரம் வளர வளர, பகுதி பகுதியா எடுக்கிறதுதான் சரி.

உங்க ஊர்க் கண்மாய்க்கு இயந்திரம் வந்தா மூணு கேள்வி கேளுங்க. கட்டையோட வருதா? குவியலை எப்போ அள்ளுவீங்க? அடுத்த மழைக்கு முளைக்கிற கன்றை யார் பிடுங்குவா? மூணாவதுக்குப் பதில் இல்லைன்னா, அந்த வேலையை உங்க கல்லூரி என்எஸ்எஸ் எடுத்துக்கலாம். அதுக்குப் பொக்லைன் வேண்டாம், ஒரு மண்வெட்டியும் ஞாயித்துக்கிழமைக் காலையும் போதும்.