ரசாயனம் போடாத மூலிகை எல்லாம் நல்ல மூலிகையா?

இயற்கை விவசாயக் கூட்டங்களில் மூலிகை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "நாங்க உப்பு உரம் போடல, மருந்து அடிக்கல. அப்புறம் எங்க மூலிகை தரமானதுதானே?" நானும் தளி பக்கம் மூன்று ஏக்கரில் ராகி, அவரை, கொள்ளோடு அரை ஏக்கரில் கீழாநெல்லி, நிலவேம்பு, துளசி போடுகிறவன். ரசாயனம் இல்லை என்பது பாதி பதில்தாங்க. மீதிப் பாதி தண்ணீரிலும், அறுக்கிற நாளிலும், காய வைக்கிற இடத்திலும், கடைசியாகச் சத்தைப் பிரித்து எடுக்கிற முறையிலும் இருக்கிறது.

அரிசியில் தரம் குறைந்தால் சோறு ருசிக்காது, அவ்வளவுதான். மூலிகையை உடம்பு சரியில்லாதவர் சாப்பிடுகிறார். அதனால் இதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில் தண்ணீர்

நம்ம ஓசூர் பகுதிக்கு இதுதான் பெரிய கேள்வி. தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கிழக்கு ஓரமாக வந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் சேர்கிறது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் இருந்து வழியும் கழிவுநீரும் இந்த ஆற்றில்தான் கலக்கிறது. அணை மதகைத் திறக்கும்போது பனிக்கட்டி மாதிரி நுரை பொங்குவதை நாம் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம். நம்ம பக்கத்து ஊர்களின் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் ஏரி, ஓடைகளில் இறங்குவதையும் மறைக்க முடியாது.

நுரைக்குப் பெரும் காரணம் சோப்புத்தூள் கழிவு. அது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் வரக்கூடியவை ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள். செடி நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டு கெட்டதை விட்டுவிடும் என்று நம்பக் கூடாது. காட்மியம் வேரிலிருந்து இலைக்குச் சுலபமாக ஏறிவிடும், கழுவினால் போகாது. ஈயம் பெரும்பாலும் வேரிலேயே தங்கும். இலையில் இருக்கும் ஈயத்தில் பெரும்பங்கு மேலே படிந்த தூசி.

அதனால்தான் ஈரத்தில் வளரும் மூலிகைகளில் கூடுதல் கவனம் வேண்டும். வல்லாரை, கரிசலாங்கண்ணி, வசம்பு மூன்றும் வாய்க்கால் ஓரத்தில் செழிப்பாக வளரும். வல்லாரை கன உலோகங்களைச் சேர்த்து வைக்கும் என்று வெளிநாட்டு ஆய்வுகளிலும் கண்டிருக்கிறார்கள். சாக்கடை ஓரம் தளதளவென்று நிற்கும் வல்லாரையைப் பறித்துக் கட்டுக் கட்டி விற்பது மருந்து விற்பது ஆகாது.

சூளகிரி பக்கம் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் என் மாமா ஒருவர் போன வருஷம் கேட்டார். "ஏம்ப்பா மாப்பிள்ளை, ஆறு வருஷமா நிலத்துல ஒரு துளி ரசாயனம் படல. வல்லாரை போட்டா வாங்கிக்கிறோம்னு ஆள் வந்திருக்காங்க. போடலாமா?" நான் சொன்னேன்: "மாமா, நீங்க ரசாயனம் போடல. கால்வாய் போட்டிருக்கலாம். தண்ணியையும் மண்ணையும் பரிசோதிக்காம வல்லாரை வேண்டாம்." அவருக்கு வருத்தம்தான். இப்போது கால்வாய் பாயும் வயலில் மாலைக்கு ஆகும் சாமந்தி நிற்கிறது. மேட்டு நிலத்தில் மழையை நம்பிக் கீழாநெல்லி போட்டிருக்கிறார். என் கணக்கில் அது சரியான பிரிவினை. ஆனால் தண்ணீரைக் கெடுத்தவர்கள் யாரோ, பயிரை மாற்றிக்கொண்டவர் அவர். அந்த நியாயத்தை நம் இயக்கம் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

அடுத்தது எருவும் அக்கம்பக்கமும்

மட்கிய எருவும் இலைதழையும் மண்ணில் கூடினால் கன உலோகங்களை ஓரளவு பிடித்து வைக்கும். மண் புளிப்பாக இருந்தால் காட்மியம் செடிக்குள் அதிகம் ஏறும். நம்ம செம்மண்ணில் சில இடங்களில் புளிப்புத் தன்மை உண்டு. மண் பரிசோதனையில் அதையும் கேட்டு வாங்குங்கள்.

நகரக் குப்பை உரம் மலிவாக லாரியில் வந்து இறங்கினால் யோசிக்க வேண்டும். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் குப்பை உரத்தில் ஒரு கிலோவுக்கு காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சோதனைச் சான்று இல்லாத உரத்தை மூலிகை வயலில் இறக்காதீர்கள்.

இயற்கை எரு என்றாலும் அளவு உண்டு. தழைச்சத்து அதிகமானால் இலை பெருக்கும், எடை கூடும், துவர்ப்பும் கசப்பும் குறையும். செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சேர்த்து வைக்கும் பொருளைத்தான் நாம் மருந்து என்கிறோம். ஊட்டி வளர்த்தால் அந்தச் சேமிப்பு குறையும். நான் மூலிகைக்கு ராகிக்குப் போடும் எருவை விடக் குறைவாகத்தான் போடுகிறேன்.

நம்ம ஊரில் இன்னொன்று ரோஜாத் தோட்டம். பக்கத்துக் குடிலில் அடிக்கும் மருந்து காற்றில் வரும். ஆடாதொடை, நொச்சி வைத்து அடர்த்தியாக வேலி கட்டுங்கள். அந்த வேலி ஓரத்து இலையை மருந்துக்கு அறுக்காதீர்கள். நெடுஞ்சாலை ஓரத்துக்கும் இதே விதி. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றுவிட்டாலும், மண்ணில் இறங்கிய ஈயம் சுலபத்தில் போகாது.

எந்தச் செடி, எந்த நாள்?

எல்லைப் பகுதியில் பெயர்க் குழப்பம் உண்டு. நாம் கீழாநெல்லி என்பதைக் கன்னடத்தில் நெல நெல்லி, தெலுங்கில் நேல உசிரி என்பார்கள். அதே சாயலில் இரண்டு மூன்று செடிகள் ஒரே வரப்பில் நிற்கும். வியாபாரிக்குச் செல்லும் மூட்டையில் அவை கலந்துவிடுகின்றன. நிலவேம்பும் அப்படித்தான், கன்னடத்தில் நெல பேவு, தெலுங்கில் நேல வேமு. பெயரை நம்பி விதை வாங்காமல், செடியைத் தெரிந்த ஒருவரிடம் காட்டி உறுதி செய்த பிறகு நீங்களே விதை எடுத்து வையுங்கள்.

அறுவடை நாள் அடுத்தது. நிலவேம்பில் கசப்புச் சத்து இலையில்தான் அதிகம், தண்டில் குறைவு. பூக்கத் தொடங்கும் நேரத்தில், நட்டு 90 முதல் 110 நாளுக்குள், அது உச்சத்தில் இருக்கும். காய் முற்றிய பிறகு இலை உதிர்ந்து தண்டுதான் மிஞ்சும். கீழாநெல்லியிலும் முக்கியமான சத்து இலையில்தான். பச்சையாகக் காய்களோடு நிற்கும்போதே எடுக்க வேண்டும். துளசியை முதலில் 90 - 95 நாளில் பூத்திருக்கும்போதும், பிறகு 65 - 75 நாளுக்கு ஒரு முறையும் அறுக்கலாம். மருந்துக் கூர்க்கன் கிழங்கு 5 - 6 மாதத்தில் தோண்ட வேண்டியது.

இங்கேதான் சந்தை நம்மைக் கெடுக்கிறது. பெரும்பாலும் விலை எடைக்குத்தான், சத்துக்கு இல்லை. தண்டு முற்றினால் எடை. அதனால் "இன்னும் பதினைந்து நாள் விடுங்க" என்று கொள்முதல் செய்பவரே சொல்வதும் உண்டு. என்னிடமும் ஒரு வியாபாரி அப்படிச் சொன்னார். இலையும் தண்டுமாகத் தனித்தனி விலை பேசுங்கள் என்றேன். ஒரு வருஷம் இழுத்தடித்து, பிறகு இலைக்குக் கூடுதல் விலைக்கு ஒத்துக்கொண்டார்.

மழை நாளிலும், பாசனம் செய்த மறுநாளிலும் அறுக்காதீர்கள். ஓசூர்ப் பக்கம் புரட்டாசி, ஐப்பசியில் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். அறுத்ததைக் காய வைக்க வழி இருக்காது. நிலவேம்பை வைகாசியில் நட்டால் ஆவணியில் அறுத்து முடித்துவிடலாம்.

காய வைக்கும் இடம்

நம்ம ஊரில் ராகியும் கொள்ளும் தார்ச்சாலையில் காய்வது வழக்கம். மூலிகைக்கு அது ஆகவே ஆகாது. வண்டித் தூசி, தார், எண்ணெய் எல்லாம் இலையில் ஒட்டும். வெயிலில் நிறமும் மணமும் போகும். வயலில் தூய்மையாக வளர்த்ததைச் சாலையில் கெடுத்த கதையாகிவிடும்.

இலை மூலிகையை நிழலில், காற்றோட்டமான கொட்டகையில், தரைக்கு மேலே வலைப் பரணில் மெல்லியதாகப் பரப்பிக் காய வையுங்கள். கிழங்கு, வேரை நன்றாகக் கழுவி, வில்லைகளாக வெட்டி வெயிலில் காய வைக்கலாம். ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். கையில் கசக்கினால் இலை சத்தத்தோடு நொறுங்குவது அடையாளம். ஒரு கணக்கு: 80 சதவீதம் ஈரம் உள்ள 100 கிலோ பச்சை இலை, 10 சதவீத ஈரத்துக்கு வரும்போது சுமார் 22 கிலோ. உங்களுக்கு 28 கிலோ கிடைத்தால் லாபம் என்று நினைக்காதீர்கள்; அதில் இன்னும் ஆறு கிலோ தண்ணீர் இருக்கிறது. மூட்டைக்குள் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை நஞ்சும் வரும்.

சத்தை எடுக்கும் முறை

எல்லாச் சத்தும் தண்ணீரில் இறங்காது. இதைப் புரிந்துகொண்டால், நம் முன்னோர் குடிநீர், கற்கம், சூரணம், தைலம், தீநீர் என்று ஏன் பிரித்து வைத்தார்கள் என்பது தெளிவாகும்.

கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் துவர்ப்புப் பொருட்கள் தண்ணீரில் கரையும். பில்லாந்தின் என்ற சத்து தண்ணீரில் கரையாது; சாராயத்தில் கரையும். கஷாயம் வைத்தால் ஒரு பங்குதான் வரும். செடியை முழுதாக அரைத்து மோரில் கலந்து கொடுக்கும் நாட்டு முறையில் எதுவும் வடிகட்டப்படுவதில்லை. அதே இலையைத் தண்ணீரில் சாறெடுத்த தூளும், சாராயத்தில் சாறெடுத்த தூளும் பெயரில் ஒன்று, உள்ளே வேறு. மருந்துக் கூர்க்கனில் உள்ள ஃபோர்ஸ்கோலினும் தண்ணீருக்கு வராது. அதனால்தான் அதைத் தொழிற்சாலைகள் கரைப்பான் கொண்டு பிரிக்கின்றன. சிலர் அழுத்தப்பட்ட கரியமில வாயுவைப் பயன்படுத்துகிறார்கள். 31 டிகிரி வெப்பத்துக்கும் 74 மடங்கு காற்றழுத்தத்துக்கும் மேலே அது திரவம் போலக் கரைக்கும், அழுத்தத்தைக் குறைத்ததும் ஆவியாகிப் போய்விடும். கரைப்பான் மிச்சம் தங்காது என்பது அதன் நன்மை.

நிலவேம்பின் கசப்பு குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகத்தான் இறங்கும், கொதியில் நன்றாக இறங்கும். அதனால் நிலவேம்புக் குடிநீரை ஒன்றிரண்டாக இடித்த பொடியில் வற்றக் காய்ச்சுகிறோம். துளசிக்கு இது எதிர். அதன் மணமே எண்ணெய். திறந்த பாத்திரத்தில் கொதிக்க வைத்தால் வீடு மணக்கும், கஷாயத்தில் ஒன்றும் இருக்காது. மூடி போட்டு வெந்நீரில் ஊற வையுங்கள், அல்லது ஆவியில் வாலை வடியுங்கள். தைலம் காய்ச்சும்போது பதம் பார்த்து இறக்க வேண்டும். முன்னால் இறக்கினால் ஈரம் நின்று சிக்கு வாடை அடிக்கும், தாண்டினால் எண்ணெய் கருகும். நெல்லி, கடுக்காய் போன்ற துவர்ப்புச் சரக்கை இரும்பு, அலுமினியப் பாத்திரத்தில் காய்ச்சாமல் மண்பானையிலோ எவர்சில்வரிலோ காய்ச்சுங்கள்.

சாறெடுத்துச் சுண்ட வைப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. ஆயுர்வேத மருந்தியல் நூல்படி மூலிகையில் காட்மியம் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. காய்ந்த இலையில் காட்மியம் 0.2 என்று வைத்துக்கொள்வோம். அது தேறிவிடும். அந்த இலை 10 கிலோவில் 1 கிலோ சாற்றுத்தூள் எடுக்கிறோம். உலோகத்தில் பாதி மட்டும் சாற்றில் இறங்கினாலும் தூளில் அது 1.0 மில்லிகிராம். அதாவது வரம்பைப்போல மூன்று மடங்குக்கு மேல். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உலோகம் எங்கும் போகாது. வயலில் விட்ட பிழையை எந்தத் தொழிற்சாலையும் சுலபத்தில் திருத்த முடியாது.

நாம் செய்யக்கூடியது

ஒருவரே பரிசோதனைச் செலவைத் தாங்க முடியாது. ஒரே தண்ணீரில் பாசனம் செய்கிற ஐந்தாறு பேர் சேர்ந்து முதலில் தண்ணீர், பிறகு மண், பிறகு காய்ந்த இலை என்று அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கன உலோகம் பாருங்கள். கால்வாய்த் தண்ணீருக்குப் பக்கத்துக் கிணறும் அதே கசிவுதான், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

வீட்டிலேயே ஒரு ஒப்பீடும் செய்யலாம். நிலவேம்புத் தூள் ஒரு கிராமை 100 மில்லி வெந்நீரில் ஊற வைத்து வடித்து, கசப்பு தெரியாமல் போகும்வரை தண்ணீர் சேர்த்துக்கொண்டே போங்கள். போன வருஷச் சரக்குக்கு எத்தனை டம்ளர், இந்த வருஷத்துக்கு எத்தனை என்று ஒரே ஆள் ருசி பார்த்துக் குறித்து வையுங்கள். ஆய்வகத்துக்கு ஈடாகாது, ஆனால் உங்கள் அறுவடை நாள் சரியா என்று அது சொல்லிவிடும்.

விற்கும்போது மூட்டையோடு ஒரு சீட்டு வையுங்கள்: எந்த வயல், எந்தத் தண்ணீர், விதைத்த நாள், அறுத்த நாள், காய வைத்த முறை. இந்த ஐந்தும் எழுதின மூட்டைக்கு விலை பேசுவது எளிது. எழுத முடியாத மூட்டையை மருந்து என்று சொல்லி விற்க நமக்கு உரிமை இல்லைங்க.