துண்டில்லாமல் வாங்கும் குளிசை

2024 நவம்பர் கடைசியில் கொட்டிய மழையில் யாழ்ப்பாணக் குடாநாடு வெள்ளக்காடானது. வெள்ளம் வடிந்த கையோடு, டிசம்பர் முற்பகுதியில், காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக ஆட்கள் ஆஸ்பத்திரிகளுக்கு வரத் தொடங்கினார்கள். என்ன காய்ச்சல் என்று உடனே பிடிபடவில்லை. ஊர்களில் பயம் பரவியது. மாத நடுப்பகுதிக்குள் ஏழு பேர் இறந்துவிட்டதாகச் செய்திகள் வந்தன. மாதிரிகளைப் பரிசோதித்தபோது அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது.

எலிக்காய்ச்சலுக்கு மருந்து உண்டு. டொக்சிசைக்கிளின், பெனிசிலின் போன்ற பழைய, விலை குறைந்த அன்ரிபயோட்டிக்குகளே போதும். காய்ச்சல் தொடங்கிய முதல் நாட்களிலேயே கொடுத்தால் பெரும்பாலானவர்கள் தப்பிவிடுவார்கள். சிறுநீரகமும் நுரையீரலும் தாக்கப்பட்ட பிறகு அதே மருந்தால் எல்லாரையும் காப்பாற்ற முடிவதில்லை. நோய் வருமுன் காக்கவும் டொக்சிசைக்கிளின் உதவும். காலபோகத்தில் சேற்றில் இறங்குகிறவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக வாரம் ஒரு தடவை 200 மில்லிகிராம் வீதம் இலவசமாகக் கொடுப்பது இதற்காகத்தான்.

ஆக, அன்ரிபயோட்டிக் எங்களுக்கு எதிரியல்ல. மாரி காலத்தில் எங்கள் கமக்காரரின் உயிரைக் காக்கும் மருந்து அது. அந்த மருந்தைத்தான் தடிமனுக்கும் தொண்டை நோவுக்கும் வாங்கி விழுங்கிப் பலமிழக்கச் செய்துகொண்டிருக்கிறோம்.

பாமசி வாசலில்

நெல்லியடி, சுன்னாகம், சாவகச்சேரி என எந்தச் சந்தியிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

"தம்பி, மூண்டு நாளாத் தடிமன். போனமுறை தந்த அந்தக் கப்சூலிலை ஆறு தாங்கோ."

"துண்டு இருக்கோ, அம்மா?"

"இதுக்குப் போய் ஆர் டொக்டரிட்டை நிக்கிறது? ரெண்டு நாளைக்குப் போட்டாச் சரியாகீடும்."

ஆறு கப்சூல் ஒரு சிறு உறைக்குள் போய்விடும். நாளுக்கு மூன்று என்றால் அது இரண்டு நாளுக்குத்தான் காணும். தடிமன் மாறியதும் மிஞ்சும் இரண்டு அலுமாரிக்குள் போகும். அடுத்த மாதம் பேரனுக்கு இருமல் வரும்போது அதிலொன்று வெளியே வரும்.

தடிமன், பெரும்பாலான தொண்டை நோ, பெரும்பாலான இருமல் எல்லாம் வைரசால் வருபவை. டெங்குவும் அப்படியே. அன்ரிபயோட்டிக் பக்டீரியாவைக் கொல்லும்; வைரசை ஒன்றும் செய்யாது. தடிமன் தன்பாட்டில் மாறும் நாளில் கையில் கப்சூல் இருந்ததால், மாற்றியது அதுதான் என்று நம்பிவிடுகிறோம்.

இந்த நம்பிக்கை டெங்குக் காலத்தில் உயிராபத்தாகிறது. குடாநாட்டில் டெங்கு ஏறுவதும் எலிக்காய்ச்சல் வருவதும் ஒரே மாரியில்தான். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரத்தில், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில்தான், குருதிக்குழாய்களிலிருந்து திரவம் கசிந்து ஆளை வீழ்த்தும். அந்த நேரத்தில் "குளிசை வேலை செய்திட்டுது" என்று வீட்டில் இருந்துவிடுவது பெரும் பிழை. காய்ச்சலைக் கெதியாகக் குறைக்க டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் வாங்கிப் போடுவது அதைவிட மோசம், குருதிக்கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல், அதுவும் அளவோடு. மூன்றாம் நாளுக்குள் குருதிப் பரிசோதனை.

ஆய்வுகூட அறிக்கை சொல்வது

சலக்கடுப்போடு வரும் நீரிழிவு நோயாளி ஒருவரின் சிறுநீரை வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பினால், இரண்டு மூன்று நாளில் ஒரு அறிக்கை வரும். இடப்பக்கம் மருந்துகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு எழுத்து. 'எஸ்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி சாகும். 'ஆர்' என்றால் எதிர்த்து நிற்கும். வாயால் எடுக்கும் குளிசைகளுக்கு நேரே எல்லாம் 'ஆர்' வந்துவிட்டால், வீட்டிலிருந்தே மாற்றியிருக்கக்கூடிய ஒரு சலத்தொற்றுக்காக அந்த மனிதர் வாட்டில் படுத்து நாட்கணக்கில் ஊசி போடவேண்டும். கூட நிற்கப் பிள்ளை வேலைக்கு லீவு போடவேண்டும்.

இந்த 'ஆர்' எப்படி வருகிறது? களைநாசினியை அரைகுறையாக அடித்த வயலில் தப்பிய களையே அடுத்த போகத்தில் விதை பரப்பும். உடலிலும் இதே கதைதான். எங்கள் குடலில் கோடிக்கணக்கான பக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. தேவையில்லாமல் விழுங்கும் ஒவ்வொரு அன்ரிபயோட்டிக்கும் அவற்றில் பலவீனமானவற்றைக் கொன்று, எதிர்த்து நிற்பவற்றுக்கு இடம் விடுகிறது. எதிர்ப்புக்கான மரபணுவை ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்குக் கொடுக்கவும் முடியும். அப்படி எதிர்த்து நிற்கும் கிருமி கையாலும் நீராலும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் போகும்.

குடாநாட்டுக்கு இன்னொரு தனிக் கவலை உண்டு. சுண்ணக்கல் நிலத்தில் கிணறும் மலசலகூடமும் கிட்டக்கிட்ட இருக்கும் இந்த மண்ணில் நெருப்புக்காய்ச்சல் தலைமுறைகளாக இருந்துவருகிறது. அதை உறுதிப்படுத்தக் குருதியில் கிருமியை வளர்த்துப் பார்க்கவேண்டும். ஆஸ்பத்திரிக்கு வருமுன்னரே நாலு குளிசை போட்டிருந்தால் கிருமி வளராமல் போகலாம். நோய் மாறியிருக்காது, அறிக்கை மட்டும் வெறுமையாக வரும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசியும் என்று தெரியாமல் வைத்தியர் ஊகத்தில் வைத்தியம் செய்யவேண்டிவரும்.

ஏன் இப்படிச் செய்கிறோம்?

சனத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் நாட்கூலிக்குப் போகும் ஒருவருக்கு வெளிநோயாளர் பிரிவு வரிசையில் நிற்கும் காலை நேரமே ஒரு நாட்சம்பளம். தனியார் கிளினிக்குக்குப் போனால் வைத்தியர் கட்டணம் வேறு. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் மருந்துக்குத் தவித்த தலைமுறை இது. கிடைத்த குளிசையைப் பத்திரப்படுத்தும் பழக்கம் அந்தக் காலம் விட்டுப்போன வடு என்றே நான் நினைக்கிறேன். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அந்தப் பயம் திரும்பவும் தலைதூக்கியது.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு சொல். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து திரும்பும்போது அன்ரிபயோட்டிக் அட்டைகளைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். "அங்கை டொக்டர் ஒண்டும் தரமாட்டான், தண்ணி குடி எண்டுதான் சொல்லுவான்" என்பது அவர்களின் முறைப்பாடு. லண்டனிலும் ரொறன்ரோவிலும் தடிமனுக்கு அன்ரிபயோட்டிக் தராத வைத்தியர் கவனியாமல் விடவில்லை, சரியானதைத்தான் செய்கிறார்.

இலங்கையிலும் சட்டம் அதுதான். அன்ரிபயோட்டிக் வைத்தியரின் சிட்டையில்லாமல் விற்கக்கூடாத மருந்து. இந்த நாட்டிலேயே பிறந்த பேராசிரியர் சேனக பிபிலே, தேவையான மருந்தைத் தேவையான அளவில் மட்டும் பாவிக்கவேண்டும் என்று போராடி, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாக வழிசமைத்தவர். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையும் வந்துவிட்டது. குறை சட்டத்தில் இல்லை. அதை நடைமுறைப்படுத்துவதில்தான் இருக்கிறது.

முன்னரே வந்த எச்சரிக்கை

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு உரையில் ஒரு கற்பனைக் குடும்பத்தைப் பற்றிப் பேசினார். தொண்டை நோவுக்குக் கணவர் தானே பெனிசிலின் வாங்கிக் காணாத அளவில் எடுக்கிறார். கிருமி சாகாமல் மருந்தை எதிர்க்கப் பழகுகிறது. அது மனைவிக்குத் தொற்றி நியுமோனியாவாகிறது. பெனிசிலின் கேட்கவில்லை, மனைவி இறந்துபோகிறார். 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்தை எதிர்க்கும் பக்டீரியாக்களால் உலகில் நேரடியாக ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக 2022இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பிளெமிங் சொன்ன குடும்பம் இப்போது எல்லா நாட்டிலும் இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியவை

வைத்தியர் அன்ரிபயோட்டிக் எழுதினால், அவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில், சொன்ன நாள்வரை எடுங்கள். எத்தனை நாள் என்பது நோயைப் பொறுத்தது; அதைக் கூட்டுவதோ குறைப்பதோ அவரின் வேலை. முன்பு ஏதாவது மருந்துக்கு உடம்பு தடித்ததோ, மூச்சு முட்டியதோ என்றால் முதலிலேயே சொல்லுங்கள். ஒருவருக்குத் தந்ததை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். காய்ச்சலோடு போகும்போது இரண்டு விடயத்தை மறைக்காதீர்கள்: வயலிலோ வெள்ளத்திலோ இறங்கினீர்களா, ஏற்கனவே என்ன குளிசை போட்டீர்கள். பெயர் தெரியாவிட்டால் வெறும் அட்டையையாவது கொண்டுபோங்கள்.

வைத்தியர்களிடமும் ஒரு வேண்டுகோள். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்து வைத்தியர்களை உருவாக்கினார். அந்த மண்ணில், "இது வைரஸ் காய்ச்சல், இதுக்கு அன்ரிபயோட்டிக் தேவையில்லை" என்று ஒரு தாய்க்கு விளக்க இரண்டு நிமிடம் ஒதுக்குவது பெரிய விடயமல்ல. காரணம் தெரிந்தால் அவர் பாமசிக்குப் போய்க் கப்சூல் கேட்கமாட்டார்.

கடைசியாக, துண்டில்லாமல் தரமாட்டேன் என்று சொல்லும் பாமசிக்காரரோடு கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகாதீர்கள். அவர் தன் வியாபாரத்தை விட்டு உங்கள் உடம்பைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்குத் தேவையான மற்ற மருந்தையெல்லாம் அவரிடமே வாங்குங்கள். இல்லையென்று சொல்பவருக்கு வியாபாரம் குறையாது என்று தெரிந்தால்தான் பக்கத்துக் கடைக்காரரும் துண்டு கேட்கத் தொடங்குவார்.