ஜாமீன் கிடைத்தும் ஜெயில் வாசம்!
உள்ளூர் ஆள் கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஏழைகள்

கோர்ட்டில் ஜாமீன் உத்தரவு ஆகிவிட்டது. ஆனால் ஆள் வெளியே வரவில்லை. பிழைப்புக்காக வெளி மாநிலம் சென்றவர்களுக்கு இந்த நிலைமை புதிதல்ல. "உள்ளூரில் சொத்து உள்ளவர் ஜாமீன் நிற்க வேண்டும்" என்று நிபந்தனை. சொந்த ஊரில் அண்ணன் தம்பிக்கு நிலம் இருக்கலாம், வீடு இருக்கலாம். மும்பையிலோ பெங்களூரிலோ அது செல்லாது என்று சொல்லிவிடுவார்கள். ஒரே அறையில் ஐந்தாறு பேராகத் தங்கி வேலை பார்ப்பவனுக்காக வீட்டு வரி ரசீதைக் கொண்டுவந்து நீட்ட அங்கே யார் இருக்கிறார்கள்?

கடைசியில், கோர்ட்டு வாசலில் கூலிக்கு ஜாமீன் நிற்கும் ஆட்களிடம் போய் விழுகிறார்கள். அந்த ஆள் கொடுத்த ரேஷன் கார்டு போலி என்று தெரிந்தால் அது தனி வழக்கு.

கொத்தனார் மோதிராம்

இந்தக் கொடுமை 1978-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதிராம் ஓர் ஏழைக் கொத்தனார். சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு ஜாமீன் கொடுத்து, மற்ற விவரங்களை மாஜிஸ்திரேட்டு முடிவு செய்யும்படி விட்டிருந்தது. மாஜிஸ்திரேட்டு கேட்டதோ 10 ஆயிரம் ரூபாய்க்கு ஆள் ஜாமீன். அந்தக் காலத்தில் ஒரு கொத்தனாருக்கு அது எத்தனை வருடக் கூலி! மோதிராமின் சகோதரர் முன்வந்தார். அவரும் அவருடைய சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதாகக் கூறி மாஜிஸ்திரேட்டு மறுத்துவிட்டார்.

வழக்கு மறுபடியும் டெல்லி சென்றது. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் பாலக்காட்டுக்காரர். வெளியூர் ஜாமீன்தாரர் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று அவர் கேட்டார். ஒரு தமிழரோ மலையாளியோ பஸ்தரிலும் போர்ட் பிளேரிலும் சாந்தினி சவுக்கிலும் பிடிபட்டால், அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்றும் கேட்டார். இது நாட்டின் ஒற்றுமையையே குலைக்கும் போக்கு என்பது அவர் கருத்து. ஆயிரம் ரூபாய்க்குச் சொந்த ஜாமீனில் மோதிராமை விடும்படி உத்தரவு பிறந்தது.

தீர்ப்பு வந்து 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் கீழ்க் கோர்ட்டுகளில் பழைய வழக்கம் போகவில்லை.

சிறைக் கணக்கு

மத்திய அரசின் குற்ற ஆவணக் காப்பகம் தரும் புள்ளிவிவரப்படி, 2022 டிசம்பர் 31-ந் தேதி நாட்டுச் சிறைகளில் இருந்தவர்கள் 5 லட்சத்து 73 ஆயிரத்து 220 பேர். அவர்களில் 4 லட்சத்து 34 ஆயிரத்து 302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். நான்கு கைதிகளில் மூன்று பேர்! இந்த விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 2011 ஜனத்தொகைக் கணக்கில் அவர்கள் பங்கு 16.6 சதவீதம்தான். மூன்றில் இரண்டு பேர் பத்தாம் வகுப்பை எட்டாதவர்கள். சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று புத்தகத்தில் இருக்கிறது. பணமும் ஆள்பலமும் இல்லாதவனுக்குக் கதவு மெதுவாகத்தான் திறக்கிறது.

புதிய உத்தரவுகள்

2023 ஜனவரி 31-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதில் மீண்டும் தலையிட்டது. உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்துவதும் விடுதலை தாமதமாவதற்கு ஒரு காரணம். ஆகவே கோர்ட்டுகள் அந்த நிபந்தனையை விதிக்காமல் இருக்கலாம் என்று கூறியது. ஜாமீன் கிடைத்து ஏழு நாட்களில் ஒருவர் வெளியே வராவிட்டால், ஜெயில் சூப்பிரண்டு அதை மாவட்ட சட்டப்பணிகள் ஆணையச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிக் கோர்ட்டு தானாகவே பரிசீலிக்கலாம்.

சாதாரண, ஜாமீனில் விடக்கூடிய குற்றமானால் சட்டம் இன்னும் தாராளமானது. கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால், அவரை ஏழை என்று கருதி சொந்த ஜாமீனில் விட வேண்டும். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய நடைமுறைச் சட்டப்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் உச்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் விடுதலைக்கு உரியவர். மற்றவர்களுக்குப் பாதி. தூக்கு, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேல் வழக்கு இருந்தாலும் கிடைக்காது. இதற்கான மனுவை ஜெயில் சூப்பிரண்டே போட வேண்டும்.

ஜாமீன் பணம் கட்ட வழியில்லாத ஏழைக் கைதிகளுக்காக மத்திய அரசு 2023-ல் வகுத்த திட்டத்தில் அப்போது 40 ஆயிரம் ரூபாய் வரை உதவி என்று இருந்தது.

வக்கீல் வைக்கக் காசு இல்லை என்பவர்களுக்கு 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் இருக்கிறது. காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியின்றி இலவச வக்கீல் கேட்கலாம். வேறு மாநிலத்தான் என்று தட்டிக்கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. மாவட்டக் கோர்ட்டு உள்ள ஊர்களில் இந்த ஆணையத்தின் அலுவலகம் இருக்கும். கட்டணம் இல்லாத டெலிபோன் எண்: 15100.