ஓய்வுக்கு முன்னரே மருத்துவக் காப்பு



காத்திவாக்கத்திலும் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஆலைச் சங்கொலிக்கு எழுந்து, முப்பது ஆண்டுகள் உழைத்தவர்கள் நம் பங்குகளில் பலர். பணி நிறைவு நாளில் மாலை சூட்டுகிறார்கள்; சேமநல நிதி கைக்கு வருகிறது. மகளின் திருமணம், வீட்டின் மேல்தளம் என அத்தொகைக்கு வழி வகுத்துவிடுகிறோம். ஆனால் வேலையோடு ஆலை தந்த மருத்துவப் பாதுகாப்பும் நீங்குவதை நினைப்பவர் சிலரே. நோய்கள் வரத் தொடங்கும் வயதில் அது நீங்குகிறது. பின்னர் ஓர் இருதய சிகிச்சைக்கே சேமிப்பு கரைந்து, நகைகள் அடகுக்கடைக்குச் செல்கின்றன.

இதற்குப் பரிகாரம் உண்டா? உண்டு, ஆனால் ஓய்வு பெற்றபின் தேடினால் காலம் கடந்துவிடும்.

முதலாவதாக, கையிலிருக்கும் உரிமையை இழக்கலாகாது. 1952-இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கப்பெற்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தை நாம் இ.எஸ்.ஐ. என்றே அறிவோம். அதில் ஐந்து ஆண்டுகளேனும் இருந்து, ஓய்வு வயது எய்திப் பணி நீங்கியவர், ஆண்டுக்கு 120 ரூபாய் முன்னதாகச் செலுத்தினால், அவரும் அவர்தம் வாழ்க்கைத் துணையும் தொடர்ந்து சிகிச்சை பெறலாம். இவ்வுரிமை தானாக வந்து சேராது, விண்ணப்பிக்க வேண்டும். ஆலையிலிருந்து விடைபெறுமுன் பணிச் சான்றுகளை வாங்கி வையுங்கள். சம்பளம் உச்சவரம்பைக் கடந்ததால் இடையில் திட்டத்தினின்று நீங்கியவர்கள், தங்கள் நிலையை இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேட்டறிதல் நலம்.

இரண்டாவதாக, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்திற்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இதில் சிகிச்சை உண்டு. சம்பள நாளில் தகுதி பெறாத குடும்பம், ஓய்வுக்குப்பின் வருமானம் குறைந்ததும் தகுதி பெறக்கூடும். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு பதிவு செய்க. எழுபது வயது நிறைந்தோர்க்கு, வருமானம் பாராமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பினை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது, இ.எஸ்.ஐ.யில் இருப்போரும் அதற்கு உரியவரே.

மூன்றாவதாக, இவை போதாதென்று கருதுவோர் வாங்கும் தனிப்பட்ட காப்பீடு. முன்பே உள்ள சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போன்றவற்றின் சிகிச்சைக்கு நிறுவனங்கள் ஒரு காத்திருப்புக் காலம் விதிக்கின்றன. 2024 ஏப்ரல் விதிகளின்படி அது மூன்று ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. ஆகவே 58-இல் ஓய்வு பெறுபவர் 55-இலேயே பாலிசி எடுத்தால், ஆலைக் காப்பு முடியும் நாளில் இது முழுப்பயன் தரும். 58-இல் எடுத்தாலோ, 61 வரை அந்நோய்களுக்குக் காப்பு இல்லாமற் போகலாம்.

பிரீமியம் மிகுதி என்று அஞ்சுவோர்க்கு 'டாப்-அப்' பாலிசி உண்டு. மூன்று லட்சம் என வரம்பு வைத்தால், ஐந்து லட்சம் ரூபாய்ச் செலவில் முதல் மூன்று லட்சம் நம் பொறுப்பு. எஞ்சிய இரண்டு லட்சத்தை நிறுவனம் தரும். ஆதலின் பிரீமியம் குறைவு. ஆனால் அந்த முதல் தொகைக்கு வழி வைத்துக்கொள்ளல் வேண்டும்.

விண்ணப்பத்தில் நோயை மறைக்கலாகாது. முகவர் சொன்னாலும் மறைக்கலாகாது. மறைத்தது வெளிப்பட்டால், மருத்துவமனையில் கிடக்கும் வேளையிலேயே பணம் மறுக்கப்படும். பாலிசி கைக்கு வந்தபின் பிடிக்கவில்லையேல் திருப்பித்தர 30 நாள் அவகாசம் உண்டு. அந்நாட்களில் படிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு முழுவதும் வாசிக்கச் செய்யுங்கள்.

வேலைக்குச் செல்லும் மைந்தரே, புதல்வியரே! பெற்றோரைப் பேணுதல் நான்காம் கட்டளையின் கடமை. இம்மாதச் சம்பளத்தன்று, தந்தையின் ஓய்வு நாள் எப்போது என்று கேட்டு, அதிலிருந்து மூன்றாண்டுகளைப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.