ட்யூனர் பச்சை காட்டுது, கார்டு ஏன் கசக்குது? எலக்ட்ரிக் கிட்டார் இன்டோனேஷன் பற்றி ஒரு எபிசோடு

கிட்டார் வாங்கி ஆறேழு மாசம் ஆனவங்க அடிக்கடி கேட்கிற ஒரு கேள்விதான் இன்னைக்கு எபிசோடு. "ட்யூனர்ல ஆறு ஸ்ட்ரிங்கும் பச்சை லைட் காட்டுது. முதல் மூணு ஃப்ரெட்டுக்குள்ள வாசிச்சா பரவாயில்ல. ஆனா பாடி பக்கமா போகப் போக சுதி விலகுது. தப்பு என் காதுலயா, கிட்டார்லயா?"

பெரும்பாலும் காது சரியாத்தான் கேட்குது. நிறைய பேர் இந்த இடத்துலதான் "நமக்கு இசை வராது போல"ன்னு முடிவு பண்ணி, கிட்டாரை உறையில போட்டு பரண்ல ஏத்திடறாங்க. இல்லன்னா இன்னும் விலை கூடின கிட்டாரைத் தேட ஆரம்பிக்கிறாங்க. அதுக்கு முன்னாடி ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு ஆலன் கீ, ஞாயித்துக்கிழமையில ஒரு மணி நேரம் போதும். வாங்க பார்ப்போம்.

ட்யூனர் சொல்றது பாதிதான்

ட்யூனர்ல நாம செக் பண்றது ஓப்பன் ஸ்ட்ரிங்கை மட்டும். அதாவது எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாத ஸ்ட்ரிங். ஆனா வாசிக்கும்போது பாதிக்கு மேல அழுத்தித்தான் வாசிக்கிறோம். அந்தச் சுரங்கள் சரியா இருக்கான்னு யாரும் பார்க்கிறதில்ல.

ஸ்கூல்ல படிச்ச நேர்கோட்டு ஈக்வேஷன் ஞாபகம் இருக்கா? ஒய் இஸ் ஈக்வல் டு எம்எக்ஸ் ப்ளஸ் சி. கோடு எங்க ஆரம்பிக்குதுன்னு 'சி' சொல்லும், எவ்வளவு சாய்வுன்னு 'எம்' சொல்லும். ட்யூனிங் பெக்கைத் திருகும்போது நாம 'சி'யை மட்டும் சரி பண்றோம். சாய்வு தப்பா இருந்தா, ஆரம்பம் சரியா இருந்தும் கோடு போகப் போக விலகும். கிட்டார்ல அந்தச் சாய்வை சரி பண்றதுக்குப் பேர்தான் இன்டோனேஷன். அதை பிரிட்ஜ்ல இருக்கிற சேடில் மூலமா பண்றோம்.

எவ்வளவு விலகினா காதுக்குத் தெரியும்? ரெண்டு பக்கத்து ஃப்ரெட்டுக்கு நடுவுல இருக்கிற தூரத்தை 100 சென்ட்னு பிரிச்சு வெச்சிருக்காங்க. மெல்லிய ஈ ஸ்ட்ரிங் ஓப்பன்ல சுமார் 330 ஹெர்ட்ஸ். அதே சுரம் பி ஸ்ட்ரிங்ல 5வது ஃப்ரெட்ல இருக்கு. இந்த ரெண்டுக்கும் வெறும் 5 சென்ட் வித்தியாசம் இருந்தாலே, சேர்த்து வாசிக்கும்போது செகண்டுக்கு ஒரு தடவை 'வவ்... வவ்...'னு ஒரு அலை கேட்கும். டிஸ்டார்ஷன் போட்டா இன்னும் பச்சையா தெரியும். கார்டு கசக்குதுன்னு சொல்றோமே, அது இந்த அலைதான்.

கணக்கு சரி, கம்பி வேற

ஃப்ரெட் எங்க வரணும்ங்கிறது சுத்தமான கணக்கு. ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் அதிர்வெண் 1.0595 மடங்கு கூடும். பன்னிரண்டு தடவை பெருக்கினா சரியா ரெண்டு மடங்கு, அதாவது ஒரு ஆக்டேவ். ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி 648 மில்லிமீட்டர் ஸ்கேல் இருக்கிற கிட்டார்ல, முதல் ஃப்ரெட் நட்டுல இருந்து 36.4 மில்லிமீட்டர் தள்ளி. 12வது ஃப்ரெட் சரியா பாதியில, 324ல.

ஆனா இந்தக் கணக்கு ஸ்ட்ரிங்கை ஒரு கற்பனைக் கோடா எடுத்துக்குது. நிஜத்துல ரெண்டு விஷயம் குறுக்க வருது. ஒண்ணு, விரலால அழுத்தும்போது ஸ்ட்ரிங் கீழ இறங்குது, அதனால கொஞ்சம் இழுபடுது. இழுபட்டா டென்ஷன் கூடி சுரம் ஏறும். ரெண்டாவது, ஸ்ட்ரிங் ஒரு இரும்புக் கம்பி. அதுக்கு விறைப்பு இருக்கு. முனையில சட்டுனு வளையாது. அதனால ஆடுற நீளம் நாம அளக்கிறதைவிட கொஞ்சம் குறைவு. ரெண்டுமே சுரத்தை மேலதான் தள்ளும். இதை ஈடு கட்டத்தான் சேடிலைப் பின்னாடி தள்ளி ஸ்ட்ரிங்கைக் கொஞ்சம் நீளமாக்குறோம்.

வீணையில ஃப்ரெட்டை மெழுகுல பதிச்சிருப்பாங்க. சுரம் விலகினா மெழுகை இளக்கி, அந்த ஒரு மெட்டையே காதால கேட்டு நகர்த்திடலாம். கிட்டார்ல ஃப்ரெட்டை மரத்துல அடிச்சு இறக்கியாச்சு, நகராது. அதனாலதான் எதிர் முனையை நகர்த்துற ஏற்பாடு.

ஆறு ஸ்ட்ரிங்குக்கும் ஆறு சேடில்ங்கிறது இன்னைக்கு சாதாரணம். ஃபெண்டரோட பழைய டெலிகாஸ்டர்ல மூணு சேடில்தான், ரெண்டு ஸ்ட்ரிங் ஒண்ணைப் பங்கு போட்டுக்கும். ஒண்ணுக்கு சரி பண்ணா இன்னொண்ணு விலகும். 1954ல வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர்ல ஆறு தனித்தனி சேடில் வந்தது. அதே வருஷம் கிப்ஸனும் லெஸ் பால் கஸ்டம்ல ட்யூனோமேட்டிக் பிரிட்ஜ் கொண்டுவந்தாங்க.

நேரா சேடிலுக்குப் போகாதீங்க

வீடியோ பார்த்துட்டு எல்லாரும் முதல்ல சேடில் ஸ்க்ரூவைத்தான் திருகுவாங்க. ஆனா அது கடைசி வேலை. அழுத்தும்போது ஸ்ட்ரிங் எவ்வளவு இறங்குதோ அந்த அளவுக்கு சுரம் ஏறும்னு பார்த்தோம் இல்லையா? அந்த இறக்கத்தை மாத்துற எல்லாத்தையும் முதல்ல முடிச்சிடணும். இல்லன்னா சேடில்ல பண்ண வேலை வீண்.

முதல்ல புது ஸ்ட்ரிங். துருவும் வியர்வையும் ஏறின ஸ்ட்ரிங் நீளம் முழுக்க ஒரே எடையில இருக்காது, அதை வெச்சு இன்டோனேஷன் பார்க்கவே முடியாது. நீங்க எப்பவும் போடுற கேஜ் எதுவோ அதையே போடுங்க. மாட்டினதும் கையால மெதுவா இழுத்து விட்டு, சுதி நிக்கிற வரைக்கும் ட்யூன் பண்ணுங்க.

ரெண்டாவது, கழுத்தோட வளைவு. முதல் ஃப்ரெட்ல கேப்போ போட்டு, கடைசி ஃப்ரெட்டை அழுத்தி, 8வது ஃப்ரெட் மேல இருக்கிற இடைவெளியைப் பாருங்க. ஃபெண்டர் மாதிரி கிட்டார்னா சுமார் 0.25 மில்லிமீட்டர். பைக் மெக்கானிக் டேப்பட் பார்க்க ஒரு ஃபீலர் கேஜ் வெச்சிருப்பாரே, அதேதான் இதுக்கும். இடைவெளி அதிகம்னா ட்ரஸ் ராடை கடிகார முள் திசையில திருப்புங்க, கழுத்து நேராகும். ஒரு தடவைக்கு கால் சுத்துக்கு மேல வேண்டாம். திரும்ப மாட்டேன்னு அடம் பிடிச்சா அதோட நிறுத்திட்டு ரிப்பேர் தெரிஞ்சவர்கிட்ட போயிடுங்க.

மூணாவது, ஸ்ட்ரிங் உயரம். 17வது ஃப்ரெட் மேல 1.6 மில்லிமீட்டர்ல ஆரம்பிக்கலாம். உரசுற சத்தம் வந்தா கொஞ்சம் ஏத்துங்க.

நாலாவது, நட். 12வது ஃப்ரெட் சரியா இருந்தும் எஃப் கார்டு மட்டும் கசந்தா, சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஸ்ட்ரிங்கை 3வது ஃப்ரெட்ல அழுத்திட்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவுல பாருங்க. மயிரிழை இடைவெளி இருக்கணும், அவ்வளவுதான். நல்லா தெரியற அளவுக்கு இருந்தா நட் பள்ளம் உயரமா இருக்குன்னு அர்த்தம். இதை மட்டும் நீங்களே அராவ வேண்டாம். அதிகமா அராவிட்டா மொத்த நட்டையும் மாத்தணும்.

அஞ்சாவது, பிக்கப். அது ஸ்ட்ரிங்குக்கு ரொம்ப கிட்ட இருந்தா காந்தமே ஸ்ட்ரிங்கை இழுத்து ஆட்டத்தைக் கெடுக்கும். தடிச்ச ஸ்ட்ரிங்கை மேல் ஃப்ரெட்ல வாசிக்கும்போது ஒரே சுரத்துல ரெண்டு குரல் கேட்டா, பிக்கப்பைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க.

இப்போ சேடில்

கிட்டாரை மேஜையில படுக்க வைக்காதீங்க. வாசிக்கிற மாதிரியே மடியில வெச்சுக்குங்க. ஓப்பன் ஸ்ட்ரிங்கை ட்யூன் பண்ணுங்க. 12வது ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேல விரலை லேசா தொட்டு ஹார்மோனிக் எடுங்க. அப்புறம் அதே ஃப்ரெட்டை, வழக்கமா வாசிக்கிற அழுத்தத்துல பிடிச்சு வாசிங்க. ரெண்டும் ட்யூனர்ல ஒரே இடத்துல நிக்கணும்.

பிடிச்ச சுரம் ஏறி இருந்தா ஸ்ட்ரிங் நீளம் பத்தல. சேடிலைக் கழுத்துல இருந்து விலக்கி பின்னாடி தள்ளுங்க. இறங்கி இருந்தா முன்னாடி கொண்டுவாங்க. நகர்த்துறதுக்கு முன்னாடி ஸ்ட்ரிங்கைத் தளர்த்திடுங்க, ஸ்க்ரூ மழுங்காம இருக்கும். நகர்த்தினதும் ஓப்பன் ஸ்ட்ரிங்கை மறுபடி ட்யூன் பண்ணிட்டுத்தான் அடுத்த தடவை பார்க்கணும்.

எவ்வளவு நகர்த்தணும்னு குத்துமதிப்பா திருக வேண்டியதில்ல. 648 ஸ்கேல்ல சேடிலை 1 மில்லிமீட்டர் நகர்த்தினா, 12வது ஃப்ரெட்ல சுமார் 2.7 சென்ட் மாறும். 8 சென்ட் ஏறி இருந்தா ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் பின்னாடி. இந்தக் கணக்கு தெரிஞ்சா பத்து தடவை பண்ற வேலை ரெண்டு தடவையில முடியும். ட்ரெமோலோ மிதக்கிற கிட்டார்னா ஒரு ஸ்ட்ரிங்கைத் தொட்டா மத்ததும் மாறும், அதனால மொத்தமா ரெண்டு மூணு சுத்து வரும்.

முடிஞ்சதும் மேல இருந்து பார்த்தா, தடிச்ச ஈல இருந்து டி வரைக்கும் சேடில் படிப்படியா முன்னாடி வரும். ஜில திடீர்னு பின்னாடி போய், மறுபடி மெல்லிய ஈ வரைக்கும் முன்னாடி வரும். வழக்கமான செட்டுல ஜிதான் சுத்து இல்லாத ஸ்ட்ரிங்குகள்ல தடிமனானது, அதான் காரணம். உங்க பிரிட்ஜ்ல இந்த ரெண்டு படிக்கட்டு தெரியலைன்னா, எங்கயோ அளவு தப்பியிருக்கு. சேடில் கடைசி வரைக்கும் போயும் சுரம் ஏறியே நின்னா, ஸ்ட்ரிங்கையும் உயரத்தையும் மறுபடி பாருங்க.

எங்க நிறுத்தணும்

இவ்வளவும் பண்ணி முடிச்ச பிறகும் சில கார்டு துளி கசக்கும். அதை சேடில் தீர்க்காது. ஒரு ஆக்டேவை 12 சம பாகமா வெட்டினதுக்கு நாம கொடுக்கிற விலை அது. இயற்கையா இனிக்கிற மேஜர் தேர்ட் 386 சென்ட். கிட்டார்லயும் கீபோர்டுலயும் இருக்கிறது 400. கிட்டத்தட்ட 14 சென்ட் கூடுதல்.

ஈ மேஜர் கார்டு பிடிச்சா, ஜி ஸ்ட்ரிங்ல முதல் ஃப்ரெட்தான் அந்த தேர்ட். அது உறுத்துதேன்னு ஜி ஸ்ட்ரிங்கை 14 சென்ட் இறக்கினா ஈ மேஜர் தேன் மாதிரி இருக்கும். அடுத்து ஜி மேஜர் பிடிங்க, ஓப்பன் ஜி இறங்கி நின்னு மொத்த கார்டும் கெடும். காது நல்லா பழகினவங்கதான் இதுல அதிகமா மாட்டிக்குவாங்க. ஒரு கார்டுக்காகத் திருகி, இன்னொண்ணைக் கெடுத்து, மறுபடி திருகி, வாசிக்க வேண்டிய நேரம் பூரா ட்யூனிங்லயே போயிடும்.

அதனால ஒரு எல்லை வெச்சுக்குங்க. 12வது ஃப்ரெட்ல 2 சென்ட்டுக்குள்ள வந்துட்டா ஸ்க்ரூடிரைவரைக் கீழ வைங்க. அதுக்கு மேல, உங்க விரல் கொஞ்சம் அழுத்தி பிடிச்சாலே அந்த 2 சென்ட் மாறிடும்.

ஸ்ட்ரிங் கேஜ் மாத்தினா, கழுத்தையோ உயரத்தையோ தொட்டா, இதை மறுபடி பாருங்க. ஏசி ரூம்ல இருந்த கிட்டாரை மழைக்காலத்துல வெளிய வெச்சாலும் மரம் ஈரத்தைக் குடிச்சு கழுத்து அசையும், அதையும் கவனிச்சுக்குங்க. மத்தபடி, இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு ஸ்ட்ரிங்ல அந்த 12வது ஃப்ரெட் டெஸ்ட்டை மட்டும் பண்ணிப் பாருங்க. ரெண்டு சுரமும் ஒட்டலைன்னா, இத்தனை நாள் உங்க காது சரியாத்தான் சொல்லிட்டு இருந்திருக்கு. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.